ஆடி மாதத்தில் மாட்டிய பெட்டி

நல்லம்பள்ளி
23 நவம்பர் 2025

அன்புள்ள உங்களுக்கு,

மேனகா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் நமக்கு நாலாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவதிலேயே வந்துவிட்டது. அதனால் இனிமேல் எழுதுவோம். நான் தாளில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே அனுப்புங்கள். டைப் செய்யச் சொல்லாதீர்கள். காலையிலிருந்து சாயந்திரம் வரை கம்பெனிக்கு டைப் செய்துவிட்டு, வீட்டுக்காரருக்கும் டைப் செய்ய விரலில் தெம்பு இல்லை.

உன் வேலை என்னவென்று மஸ்கட்டில் கூட இருப்பவர்கள் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று முன்பு ஒருமுறை சொன்னீர்கள். இப்படிச் சொல்லுங்கள். வீட்டில் ஓடுகிற கரண்டை இப்போது ஒரு ஏ.ஐ. பார்த்துக்கொள்கிறது. கெய்சர் எத்தனை மணிக்கு ஓட வேண்டும், ஏசி எத்தனை டிகிரியில் நிற்க வேண்டும், இன்வெர்ட்டரில் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும், எல்லாவற்றையும் அதுவே மாற்றும். ஏஜெண்ட் என்கிறார்கள். எந்தத் திருகைத் திருகினால் என்ன ஆகும், எதைத் தொடுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்று அந்த ஏஜெண்ட் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு கையேடு வேண்டும். அதை எழுதுகிறவள் நான். மனிதர்கள் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை.

எங்கள் டீம் லீட் அருண்குமார் நல்ல மனிதர்தான். ஆனால் நான் எழுதும் 'தயவுசெய்து'களை எல்லாம் வெட்டிவிடுகிறார். ஏஜெண்ட் படிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் செலவாம். "அதுக்கு மரியாதையெல்லாம் வேணாம்ங்க மேனகா, விஷயத்த மட்டும் சொல்லுங்க" என்கிறார். இந்த வாரம் எழுதியது, ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் ஏஜெண்ட் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்ற பகுதி. உரிமையாளர் சொன்னதே நிற்கும், விருந்தினர் மாற்றச் சொன்னால் பணிவாக மறுத்துவிட்டு உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினேன். அருண்குமார் ஒரு சொல்கூட வெட்டவில்லை. அடுத்த வாரம் நம் வீட்டில் நீங்கள் மாட்டிய கரண்டுப் பெட்டிக்கும் ஏஜெண்ட் வந்துவிடும்.

இனி என் புகார். நீங்கள் அங்கிருந்துகொண்டே போன் வழியாகக் கெய்சரை ஆறரை மணிக்கு நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். நான் எழுந்து, வாசல் தெளித்து, குளிக்கப் போவதற்கு ஏழு ஆகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என் குளியல் நேரத்தை நீங்கள் முடிவு செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டியதைப் போல இதையும் என்னைக் கேட்காமலே செய்கிறீர்கள். இதற்கு மேல் எழுதினால் போனில் பேசியது போல ஆகிவிடும். நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள்
மேனகா

*

மஸ்கட்
27.11.2025

அன்புள்ள மேனகாவுக்கு,

முத்துராஜ் எழுதுவது. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பேனா பிடித்து வருடக்கணக்காகிறது. ரூமில் பேனா இல்லாமல் ஆரோக்கியராஜிடம் வாங்கினேன். அவர் உங்கள் ஊர் பொம்மிடிக்காரர். யாருக்குக் கடிதம் என்று கேட்டார். வீட்டுக்கு என்றேன். வீட்டில் சண்டையா என்றார். விவரமான ஆள்.

கெய்சர் விஷயம். அது பழைய கெய்சர். சூடு ஏறினால் தானாக நிற்கும் பாகம் அதில் சரியில்லை என்று நான் வரும்போதே சொன்னேன். மாற்றிவிடு என்றும் சொன்னேன். நீ மாற்றவில்லை. வேலை மும்முரத்தில் மறந்துபோய் ஓடவிட்டால் என்ன ஆகும்? அதனால்தான் ஆறரை. உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். கேட்டால் சண்டை வரும் என்று செய்துவிட்டேன்.

இங்கே ஒரு பெரிய ஓட்டலின் குளிரூட்டும் எந்திரங்களைப் பார்க்கிறோம். மொட்டைமாடி முழுக்க எந்திரம்தான். அதன் இரைச்சல் ரூமுக்கு வந்த பிறகும் காதில் நிற்கிறது. சாப்பிட்டுப் படுத்தால் விடிவது தெரியாது. ஆனால் நாலரைக்கு எழுந்துவிடுவேன். உனக்கு அப்போது ஆறு மணி.

ஒப்பந்தத்தைப் பற்றி மறுபடி எடுக்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டு வருடம் நீட்டித் தருவதாகச் சொன்னார்கள், சரி என்று வாயால் சொல்லிவிட்டேன். கையெழுத்து சித்திரையில்தான். மாமாவையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்.

நீ அந்த ஏஜெண்டுக்கு எழுதுவதில் பாதி அளவு எனக்கு எழுதினால் போதும். அதை யாரும் வெட்டமாட்டார்கள்.

இப்படிக்கு
முத்துராஜ்

*

நல்லம்பள்ளி
19 டிசம்பர் 2025

அன்புள்ள உங்களுக்கு,

மேனகா எழுதுகிறேன். இந்த முறை நலம் என்று எழுத முடியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல். இன்றுதான் தலை தூக்க முடிகிறது. மருந்து சாப்பிட்டேன், ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தேன், பயப்பட ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது காய்ச்சலைப் பற்றி இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை உடம்பெல்லாம் வலி. மார்கழிக் குளிர் உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் வெந்நீரில் உடம்பைத் துடைத்தால் தேவலை என்று நினைத்தேன். மணி எட்டு. படுத்துக்கொண்டே பெட்டியிடம் கெய்சரைப் போடச் சொன்னேன். அது சொன்னது இது: "நீங்கள் இந்த வீட்டில் விருந்தினராகப் பதிவாகியிருக்கிறீர்கள். கெய்சர் நேரத்தை உரிமையாளர் அமைத்திருக்கிறார். அவருக்குத் தெரிவித்திருக்கிறேன். அவர் அனுமதித்ததும் மாற்றுகிறேன்."

நான் எழுதிய வாக்கியம். பணிவாக மறுக்க வேண்டும் என்று எழுதினேன் அல்லவா, நிஜமாகவே மிகவும் பணிவாக இருந்தது. நீங்கள் மொட்டைமாடியில் இருந்திருப்பீர்கள், போன் லாக்கரில் இருந்திருக்கும். சாயந்திரம் அனுமதி வந்தது. அதற்குள் நான் குண்டானில் தண்ணீர் வைத்து அடுப்பில் காயவைத்து, அதைத் தூக்க முடியாமல் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து துடைத்துக்கொண்டேன். சுவரில் இருந்த கெய்சர் சுவிட்சை எடுத்துப் பெட்டியோடு இணைத்ததும் நீங்கள்தான். வெந்நீர் கிடைக்கவில்லை என்று நான் அழவில்லை. விருந்தினர் என்ற சொல்லுக்கு அழுதேன்.

எப்படி அப்படி ஆனது என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். மூன்று வருடத்துக்கு முன் வைகாசியில் நமக்குக் கல்யாணம். ஆடி பிறந்ததும் எங்கள் அப்பா சீர் கொண்டுவந்து என்னைப் பொம்மிடிக்கு அழைத்துப்போனார். அப்போது நீங்கள் ஓசூரில், இப்போது நான் வேலை செய்யும் இதே கம்பெனியின் பெட்டிகளை வீடுவீடாக மாட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் இல்லாத அந்த ஆடியில்தான் நம் வீட்டிலும் ஒன்றை மாட்டினீர்கள். வீட்டில் யார் யார் என்று அது கேட்டிருக்கும். நீங்கள் ஒருவர்தானே இருந்தீர்கள், உங்கள் பெயரைப் போட்டீர்கள். ஆவணியில் நான் திரும்பி வந்தபோது என் போனை வாங்கி, சீக்கிரம் ஆகட்டும் என்று விருந்தினராகச் சேர்த்திருக்கிறீர்கள். அதில் நான் இன்னும் ஆடியிலேயே இருக்கிறேன். இத்தனை நாள் அந்த வித்தியாசத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஏஜெண்ட் கண்டுகொண்டது, ஏனென்றால் அதற்கு நான் சொல்லிக்கொடுத்தேன்.

நேற்று பின்வீட்டுச் சின்னக்கண்ணு அக்கா ரசம் கொண்டுவந்தார். "வூட்டுக்காரரு இல்லாத வூட்ல நீ ஒருத்தியா எப்பிடிம்மா காலந்தள்ற" என்று கேட்டார். பழகிவிட்டது என்றேன். பழகவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. உங்களோடு சண்டை போடக்கூட அலுப்பாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விருந்தினர் என்பதை எடுத்துவிட்டு, என்னை அந்த வீட்டின் ஆளாகச் சேருங்கள். தை பிறப்பதற்குள் சேர்க்கவில்லை என்றால் நான் பொம்மிடிக்கே போய்விடுகிறேன். என் வேலைக்கு நெட் இருந்தால் போதும், அது அங்கேயும் இருக்கிறது. கோபத்தில் எழுதவில்லை, இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

மேனகா

*

மஸ்கட்
21.12.2025

அன்புள்ள மேனகாவுக்கு,

முத்துராஜ் எழுதுவது. உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? எனக்குச் சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன் என்று நீ கேட்பாய். சரிதான்.

நீ எழுதியதைப் படித்தேன். ஆடி மாதம், போனை வாங்கியது எல்லாம் சரி. யோசித்துச் செய்ததில்லை. அந்த வாரம் மட்டும் இருபது வீட்டில் மாட்டினேன், நம் வீடு இருபத்தொன்றாவது போல ஆகிவிட்டது. ஊரார் வீட்டில் உட்கார வைத்து ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுப் போட்டவன், உன் பெயரை ஒழுங்காகப் போடவில்லை.

உடனே சேர்க்கப் பார்த்தேன். முடியவில்லை. புதிதாக ஒரு வீட்டு ஆளைச் சேர்க்க வேண்டுமென்றால் உரிமையாளரும் அந்த ஆளும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் இருந்து, பெட்டியின் பொத்தானை ஆளுக்கு ஒருமுறை அமுக்க வேண்டும் என்கிறது. ஏன் என்று ஏஜெண்டைக் கேட்டேன். வெளியிலிருந்து யாரும் வீட்டைக் கைப்பற்றிவிடக் கூடாது என்பதற்காக என்றது. அதையும் நீதானே எழுதியிருப்பாய்? லீவு கேட்டேன். சித்திரைக்கு முன்னால் கிடையாது என்றார்கள். உங்கள் கம்பெனியில் சொல்லி இதை மட்டும் தளர்த்த முடியுமா என்று பார். அருண்குமாரிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நான் உன் கரண்டு செலவைப் பார்ப்பதில்லை, மேனகா. கெய்சரைக்கூட எப்போதாவதுதான் பார்ப்பேன். தினமும் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். இங்கே நாலரைக்கு எழுந்ததும் போனில் நம் வீட்டுச் சமையலறை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். எரிந்தால் நீ எழுந்துவிட்டாய், நன்றாக இருக்கிறாய். அப்புறம் பல் துலக்கப் போவேன். பஸ் ஐந்து மணிக்கு. விளக்கு எரியாத நாளில் பஸ்ஸில் உட்கார்ந்தும் பார்த்துக்கொண்டே போவேன். அந்தச் செவ்வாய்க்கிழமை உன் நேரத்துக்கு ஏழு மணி வரை எரியவில்லை. சரி, நேரம் கழித்துப் படுத்திருப்பாள், தூங்கட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவனை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

போகாதே. இப்போதைக்குக் கெய்சரை, நீ எப்போது கேட்டாலும் ஓடும்படி மாற்றிவிட்டேன்.

முத்துராஜ்

*

பொம்மிடி
6 ஜனவரி 2026

அன்புள்ள உங்களுக்கு,

மேனகா எழுதுகிறேன். மேலே ஊர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். தை பிறக்கட்டும் என்று சொல்லியிருந்தேன், அதுவரை காத்திருக்க முடியவில்லை. சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. சனிக்கிழமை துணியை மடித்துப் பையில் வைத்தேன், லேப்டாப்பை வைத்தேன், சாவியைச் சின்னக்கண்ணு அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு பஸ் மாறி இங்கே வந்து இறங்கும் வரை ஒன்றும் தோன்றவில்லை. அம்மா, "மாப்புள வந்துட்டாராம்மா, ரெண்டு பேருமா வந்துருக்கலாமுல்ல" என்று வாசலில் வைத்தே கேட்டார். அப்போதுதான் அழுகை வந்தது.

விதியைத் தளர்த்தச் சொன்னீர்கள். முடியாது. நான்தான் எழுதினேன், சரியாகத்தான் எழுதினேன். கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு ஒரு வீட்டுக்குள் யாரை வேண்டுமானாலும் ஆளாக்கலாம் என்றால், யாரை வேண்டுமானாலும் வெளியேற்றவும் செய்யலாம். என் புருஷனுக்காக ஊரில் உள்ள எல்லா வீட்டுக் கதவையும் திறந்துவைக்கச் சொல்லாதீர்கள்.

வேறொன்றை மாற்றினேன். அந்தப் பழைய வாக்கியத்தை எடுத்துவிட்டேன். வீட்டுக்குள் இருப்பவர் வெந்நீரோ வெளிச்சமோ காற்றோ கேட்டால், அவர் யாராகப் பதிவாகியிருந்தாலும் முதலில் கொடு, பிறகு வெளியே இருப்பவருக்குத் தெரிவி என்று எழுதினேன். அருண்குமார், "இத்தன வருஷமா உரிமையாளர் தானேங்க எல்லாத்துக்கும் மேல" என்றார். எனக்குக் காய்ச்சல் வந்த கதையைச் சொன்னேன். அப்புறம், "எங்க வூட்லயும் என் சம்சாரம் விருந்தாளியாத்தாங்க இருக்கும், பாக்கணும்" என்றார். வாக்கியம் அப்படியே கையேட்டில் ஏறிவிட்டது.

ஆகவே இனிமேல் யார் வீட்டிலும் அப்படி நடக்காது. நம் வீட்டிலும் நடக்காது. ஆனால் நான் அதற்காக மட்டும் போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும். வெந்நீர் தருகிறது என்பதற்காக ஒருத்தி ஒரு வீட்டில் இருக்க முடியாது.

சமையலறை விளக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். இதைக் கல்யாணமான புதிதில் எழுதியிருக்கலாம். மூன்று வருடமாக என்னை விளக்கைப் பார்த்தே தெரிந்துகொண்டீர்கள், விளக்கைப் போடுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போது அங்கே இருட்டு. உங்களைத் தண்டிக்க அப்படிச் செய்யவில்லை. நான் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

மேனகா

*

மஸ்கட்
11.1.2026

அன்புள்ள மேனகாவுக்கு,

முத்துராஜ் எழுதுவது. நீ போனது உன் கடிதம் வருவதற்கு முன்பே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கு எரியவில்லை. திங்கட்கிழமையும் எரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஏஜெண்ட் என்னிடம், "வீட்டில் யாரும் இல்லை போலிருக்கிறது, எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கட்டுமா?" என்று கேட்டது. அதையும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாய் போல. அப்புறம் தினமும் கேட்டது. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் முடியவில்லை.

ஆரோக்கியராஜ் அண்ணன் நான் சாப்பிடாததைப் பார்த்து என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "ஏன்யா, ஆள உள்ள சேக்கறதுக்குத்தான நீ அங்க இருக்கணும், நீ வெளிய வர்றதுக்கு யாரக் கேக்கணும்" என்றார். பெட்டி மாட்டிப் பிழைத்தவன், எனக்கு இது தோன்றவில்லை.

பார்த்தேன். உரிமையாளர் எங்கிருந்து வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். விலகினால் வீட்டுக்கு உரிமையாளரே இல்லை என்று ஆகிவிடும். அதன் பிறகு வீட்டுக்குள் நின்று பொத்தானை முதலில் அமுக்குகிறவர்தான் உரிமையாளர். விலகுவதற்கு முன் ஏஜெண்ட் எச்சரிக்கை சொன்னது. இனி இந்த வீட்டின் எந்த விளக்கையும் நீங்கள் பார்க்க முடியாது, உறுதியா என்று கேட்டது. எனக்கு அந்த வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். நீ அங்கே இல்லாமல் அது எதற்கு என்றும் தோன்றியது.

விலகிவிட்டேன். இன்று காலை நாலரைக்குப் பழக்கத்தில் போனை எடுத்தேன். அதில் வீடே இல்லை.

உன்னைத் திரும்பி வரச் சொல்லி இதைச் செய்யவில்லை. நீ பொம்மிடியிலேயே இருந்தாலும் அது உன் வீடுதான். சாவி சின்னக்கண்ணு அக்காவிடம் இருக்கிறது என்றாய். போக மனமிருந்தால் போய்ப் பொத்தானை அமுக்கு. மனமில்லை என்றால் அது அப்படியே கிடக்கட்டும். எனக்கு இங்கே ரொம்ப அசதியாக இருக்கிறது, மேனகா. வேலையால் இல்லை.

முத்துராஜ்

*

நல்லம்பள்ளி
18 ஜனவரி 2026

அன்புள்ள உங்களுக்கு,

மேனகா எழுதுகிறேன். பொங்கல் பொம்மிடியில்தான். உங்கள் கடிதம் வந்த பிறகும் நான் கிளம்பவில்லை. அது உண்மை, மறைக்க விரும்பவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று சின்னக்கண்ணு அக்கா போன் செய்தார். "ஏம்மா, செடிக்குத் தண்ணி ஊத்தலாம்னு போனேன், உங்க வூட்டுப் பொட்டி கண்ணச் சிமிட்டிகிட்டே கெடக்குது. எனக்கு அதப் பாத்தா ஒரு மாதிரியா இருக்குது, வந்து என்னன்னு பாரும்மா" என்றார். யாருமில்லாத வீட்டுப் பெட்டி அப்படித்தான் சிமிட்டும். அதையும் நான்தான் கையேட்டில் எழுதினேன். ஆனால் அவர் சொல்லிக் கேட்டபோது, எழுதியது போல இல்லை.

நேற்று வந்தேன். வீடெல்லாம் தூசி. முதலில் பெருக்கினேன். பெட்டியைப் பார்க்கவில்லை. சமைத்துச் சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன். அதன் பிறகும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அமுக்கினேன்.

இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டது. என் பெயரைச் சொன்னேன். வேறு யார் என்று கேட்டது. உங்களை வீட்டு ஆளாகச் சேர்க்க நீங்கள் இங்கே வேண்டும். விருந்தினராகச் சேர்க்க யாரும் வேண்டாம், நான் மட்டும் போதும். விருந்தினருக்கு எதையும் மாற்ற முடியாது, ஆனால் விளக்கு தெரியும். சமையலறை விளக்கும் தெரியும். நாலரைக்கு எழுந்து வெறும் போனைப் பார்க்கிற உங்களை நினைத்தேன். சேர் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

சேர்க்கவில்லை. மூன்று வருடம் அந்தப் பேரில் இந்த வீட்டில் இருந்தவள் நான். அதை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு யாரும் இப்போது இங்கே இல்லை என்று சொன்னேன். அது குறித்துக்கொண்டது.

கெய்சரை மாற்றச் சொல்லியிருக்கிறேன், நாளை ஆள் வருகிறார். சித்திரையில் அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள். போட வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. என்னைக் கேளுங்கள், அது போதும். போடாமல் வந்தால், பெட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது, சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில். நான் ஒருமுறை, நீங்கள் ஒருமுறை அமுக்க வேண்டும். நான் காத்திருப்பேனா என்று கேட்காதீர்கள். இன்றைக்கு இங்கே இருக்கிறேன், அது வரைக்கும்தான் எனக்கே தெரியும்.

அதுவரை தினமும் காலையில் ஒரு வரி எழுதி அனுப்புகிறேன். போனைப் பார்த்துவிட்டுப் பல் துலக்கப் போங்கள். இது நாளைக்கான வரி, இன்றே எழுதிவிடுகிறேன்: எழுந்துவிட்டேன், விளக்குப் போட்டுவிட்டேன்.

மேனகா